விர்கான் எஸ் கிருமிநாசினி: பன்றிப்பண்ணை வாசலில் வைத்துப் பார்த்ததில்

பணகுடிக்கு மேற்கே, மலையைப் பார்த்த நிலத்தில் எங்கள் வெண்பன்றிப் பண்ணை இருக்கிறது. ஹோட்டல் சாப்பாட்டுக் கழிவு எடுத்து வருவதும் பன்றி விற்பதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கொட்டகை, குட்டி, மருந்து, சுத்தம் எல்லாம் என் பொறுப்பு. வள்ளியூர், நாங்குநேரி, களக்காடு பக்கம் பன்றி வளர்க்கிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் போட்டு, "மதினி, அந்த ரோஸ் கலர் பொடி வாங்கலாமா, காசுக்குத் தகுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். வாங்கலாம், நல்ல சரக்கு. ஆனால் தேய்க்கிற பிரஷ், சோப்புத்தூள், பண்ணைக்குள் மட்டும் போடுகிற ரப்பர் பூட்ஸ், இந்த மூன்றும் இல்லாத பண்ணைக்கு இது வீண்செலவு. முதலில் அந்த மூன்றையும் வாங்குங்கள். மிச்சக் காசில் பொடி வாங்குங்கள்.

நான் எதற்காக இதை வாங்குகிறேன் என்றால், ஆப்பிரிக்கன் பன்றிக்காய்ச்சலுக்குப் பயந்துதான். அந்த வைரஸ் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றுமே இல்லை. மருந்து கிடையாது. நம் நாட்டில் அதற்குப் போடத் தடுப்பூசியும் கிடையாது. நாம் குட்டிகளுக்குப் போடுகிற பன்றிக்காய்ச்சல் ஊசி கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்கிற வேறொரு வைரஸுக்கானது. அந்த ஊசியைத் தவறாமல் போட வேண்டும், ஆனால் அது ஆப்பிரிக்கன் காய்ச்சலைத் தடுக்காது. "ஊசி போட்டாச்சு, பயமில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இரண்டு காய்ச்சலும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடப்பது, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்வது, திடீர்ச் சாவு. எது எது என்று சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும்.

இந்த நோய் 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2018இல் சீனாவுக்கு வந்தது, 2020இல் அஸ்ஸாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் கண்டுபிடித்தார்கள். அதுவரை நமக்கு அது தூரத்துச் செய்தி. 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கத்துப் பண்ணைகளில் உறுதியானபோதுதான் இங்கே எல்லோருக்கும் உறைத்தது. கேரளா, வெளிமாநிலப் பன்றி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்து, அதுவும் இதே நோய்தான் என்றார்கள். எங்களுக்கு மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடு. திருக்குறுங்குடி, களக்காடு வாழைத்தோட்டங்களில் காட்டுப்பன்றி இறங்காத மாதம் கிடையாது. தெற்கே நாகர்கோவில் வழியாகக் களியக்காவிளை, வடமேற்கே செங்கோட்டை வழியாகப் புளியரை, கேரளாவுக்குப் போகிற இரண்டு வாசலும் பக்கத்தில்தான் இருக்கின்றன. மனிதருக்கு இது வராது. ஆனால் மனிதரின் செருப்பிலும் வண்டியிலும் சாப்பாட்டிலும்தான் ஊர் ஊராகப் போகிறது.

சரி, பொடிக்கு வருவோம்.

விர்கான் எஸ் ரோஸ் நிறத்தில் இருக்கும், எலுமிச்சை வாசம் வரும். முக்கியச் சரக்கு பொட்டாசியம் பெராக்ஸி மோனோ சல்ஃபேட். அதோடு அமிலமும், கொஞ்சம் நுரைப்பொருளும் சேர்ந்திருக்கின்றன. பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று என்பது நான் கலக்கும் அளவு. பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிளறினாலே கரைந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீர். அதிலும் கரைவதில் எனக்குத் தொந்தரவு இருந்ததில்லை. அடியில் மட்டும் லேசாகப் படிவு நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ரோஸ் நிறம். கரைசலில் வீரியம் இருக்கும் வரை நிறம் இருக்கும். வீரியம் போகப் போக நிறம் வெளுத்துவிடும். படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எங்களிடம் வேலைக்கு வருகிற அண்ணன், காலையில் கேட்டைத் திறந்ததும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு "வெளுத்துட்டு தாயி, கொட்டிருதேன்" என்பார். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் இந்த வசதி கிடையாது. அது செத்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. சுத்தமான வாளியில் மூடி வைத்தால் கரைசல் சில நாள் நிற்கும். கால் நனைக்கிற தொட்டியில் சாணம் விழுந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நிறம் இருந்தாலும் கலங்கிவிட்டால் நான் கொட்டிவிடுவேன்.

இனி அந்தத் தொட்டியைப் பற்றி. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

எங்கள் பக்கம் பண்ணை பார்க்கப் போனால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் சட்டி இருக்கும். கொத்தனார் கலவை போடுகிற சட்டிதான். அதில் ஏதோ மருந்துத் தண்ணீர். வருகிறவர் சாணி அப்பிய செருப்போடு அதில் ஒரு கால், இன்னொரு கால் வைத்துவிட்டு உள்ளே நடப்பார். "எல்லாம் பாதுகாப்பா செய்யுதோம்" என்று பண்ணைக்காரர் சொல்வார். அதனால் ஒரு பலனும் இல்லை. சாணத்துக்குள் இருக்கிற வைரஸை மருந்து தொடவே தொடாது. சாணம், ரத்தம், தீனி இவையெல்லாம் மருந்தைத் தின்று தீர்த்துவிடும். அதுபோக, மருந்து பட்ட இடம் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் சட்டிக்குள் நிற்கிற மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் செய்வது இது. வாசலில் குறுக்கே ஒரு முட்டளவு சுவர் கட்டியிருக்கிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் வெளிச் செருப்பு. சுவரில் உட்கார்ந்து, அதைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டால் அங்கே பண்ணை பூட்ஸ் தயாராக இருக்கும். வெளிச் செருப்பு உள்ளே வராது, பண்ணை பூட்ஸ் வெளியே போகாது. உள்ளே இரண்டு சட்டி. முதல் சட்டியில் சோப்புத் தண்ணீர், பிரஷ். இரண்டாவது சட்டியில் பொடிக் கரைசல். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போகும்போது முதல் சட்டியில் தேய்த்து, அலசி, பிறகு இரண்டாவதில் முக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் பூட்ஸை நன்றாகத் தேய்த்து, கரைசலில் நனைத்து, கம்பியில் தலைகீழாக மாட்டிவிடுவோம். பத்து நிமிட ஈரம் அப்போதுதான் கிடைக்கிறது. மறுநாள் காலையில் காய்ந்த, சுத்தமான பூட்ஸ்.

பூட்ஸ் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆழமாகப் பள்ளம் வெட்டிய பூட்ஸ் வழுக்காது என்று வாங்கிவிடுவோம். அந்தப் பள்ளத்துக்குள் சாணம் ஏறி இறுகிவிட்டால் பிரஷ் முடி அங்கே போகாது. வேப்பங்குச்சியை வைத்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். மேலோட்டமான வரி போட்ட பூட்ஸ் போதும். எங்கள் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் நாலைந்து குச்சி சீவி வைத்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியும். கரண்டி நுனியளவு சாணத்தில் ஒரு பண்ணையையே முடிக்கிற அளவுக்கு வைரஸ் இருக்க முடியும் என்பதை நினைத்தால் அற்பமாகத் தெரியாது.

எல்லோரையும்விட வியாபாரிகளைப் பழக்குவதுதான் கஷ்டம். பன்றி பிடிக்க வருகிறவர் ஒரே நாளில் நாலு பண்ணை ஏறி இறங்குவார். அவருடைய கயிறு, தராசு, வண்டி, கால், எல்லாமே நாலு பண்ணையின் சாணத்தைச் சுமந்து வரும். எங்களுக்கு வழக்கமாக வருகிற அண்ணாச்சி வயதானவர், நல்லவர். கேட்டில் நிறுத்தி, "அண்ணாச்சி, வண்டி அங்கனயே நிக்கட்டும். நாங்க பன்னிய வெளிய ஓட்டிட்டு வாறோம்" என்று முதல் தடவை சொன்னபோது அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"நாப்பது வருசமா பன்னி பிடிக்கேன் தாயி. என்னால ஒரு பண்ணைக்கு நோவு வந்துருக்கா?"

"உங்களச் சொல்லல அண்ணாச்சி. காலைல எந்தத் தொழுவுக்குள்ள ஏறுனீங்களோ, அங்க என்ன நோவு இருக்குன்னு உங்களுக்கே தெரியாதுல்லா. நாளைக்கு எங்க பண்ணைல ஒண்ணு வந்தா, இங்கருந்து அடுத்த பண்ணைக்கு நீங்க கொண்டு போயிரக் கூடாதுல்லா."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவருக்கு ஏறியது. இப்போது வேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் மேடை போட்டிருக்கிறோம். பன்றி உள்ளிருந்து அங்கே போகும், ஒரு தடவை மேடை ஏறிய பன்றி திரும்பி உள்ளே வராது. எடை போடுவது எங்கள் தராசில். வண்டி போனதும் மேடையைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, பொடிக் கரைசலைத் தெளித்து, காய விடுகிறோம். அண்ணாச்சி இப்போது தன் வண்டிக்கும் ஒரு கைத்தெளிப்பான் வைத்திருக்கிறார். எங்களிடம்தான் பொடியின் அளவு கேட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

வண்டி என்றதும் எல்லோரும் டயரைத்தான் பார்ப்பார்கள். டயருக்கு மேலே மட்கார்டு உட்புறம், பின்கதவு இடுக்கு, அப்புறம் டிரைவர் காலடியில் கிடக்கிற ரப்பர் மேட், இவற்றில்தான் அழுக்கு உறைந்து கிடக்கும். எங்கள் வண்டியில் மேட்டை உருவி வெளியே போட்டுத் தனியாகத் தேய்க்கிறோம். தெளிக்க வாழைக்கு மருந்தடிக்கிற முதுகு ஸ்பிரேயரே போதும். ஆனால் களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை எடுக்காதீர்கள். பொடி அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஒருமுறை பீய்ச்சிவிட வேண்டும், கரைசல் உள்ளே தேங்கிக் கிடந்தால் நாஸிலை அரிக்கும். தகரம், இரும்பு விஷயத்தில் பிளீச்சிங் பவுடர் அளவுக்கு மோசமில்லை. அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது.

சுண்ணாம்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் அத்தை காலத்திலிருந்து பன்றித்தொழுவில் சுண்ணாம்பு தூவுவது வழக்கம். நல்ல வழக்கம்தான். புதிதாகத் தண்ணீர் விட்டுத் தாளித்த சுண்ணாம்பின் காரம் இந்த வைரஸையும் கொல்லும். சுவருக்கு வெள்ளையடிக்க அதைவிட மலிவான, நல்ல பொருள் கிடையாது. ஆனால் சுண்ணாம்பு காரம், இந்தப் பொடிக் கரைசல் அமிலம். வாசலில் பட்டையாகச் சுண்ணாம்பைத் தூவி, அதை மிதித்துக்கொண்டு போய்ப் பொடித்தொட்டியில் காலை வைத்தால், தொட்டியின் வீரியத்தை நாமே முறித்துவிடுகிறோம். எங்கள் பண்ணையில் சுவருக்கும் வேலியோரத்துக்கும் சுண்ணாம்பு, வாசலுக்கும் வண்டிக்கும் பூட்ஸுக்கும் பொடி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. வாஷிங் சோடா போட்டுக் கழுவுகிறவர்களும் நன்றாக அலசிவிட்டுத்தான் இதைத் தெளிக்க வேண்டும்.

அதைவிட ஆபத்து, பிளீச்சிங் பவுடரோடு கலப்பது. "ரெண்டையும் சேர்த்தா ரெண்டு மடங்கு வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைத்துவிடும். வாளியைக்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். எங்களிடம் பொடிக்கு ஒரு வாளி, பிளீச்சிங்குக்கு ஒரு வாளி, பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கலக்கும்போது முதலில் தண்ணீர், அப்புறம் பொடி. கண்ணாடி, மாஸ்க், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரைத்த பிறகு பெரிய தொந்தரவு இல்லை, பொடியாக இருக்கும்போதுதான் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். எங்கள் ஊர்க்காற்று எப்படி என்று காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று ஆனி ஆடியில் ஆளைத் தள்ளும். திறந்தவெளியில் டப்பாவைத் திறந்தால் பாதிப் பொடி காற்றோடு போகும், மீதி கண்ணுக்குள் போகும். நான் தீவன அறைக்குள் வைத்துத்தான் கலக்குகிறேன். தெளிப்பதும் விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால்.

மண் தரையில் இந்தப் பொடி எடுபடாது. இது பொடியின் குறையும் அல்ல, எந்த மருந்துமே மண்ணிலும் மரத்திலும் சரியாக வேலை செய்யாது. உறிஞ்சிக்கொள்ளும், அல்லது மண்ணோடு முடிந்துபோகும். மண்தரைத் தொழுவில் பன்றி வைத்திருக்கிறவர்கள் இதை வாங்கித் தரையில் கொட்டிக் காசை வீணாக்க வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து ஒரு பக்கமாவது சிமெண்ட் தளம் போடுங்கள். மரச்சட்டம் அடித்த தடுப்புக்குப் பதில் இரும்புக் குழாயோ, பூசிய செங்கல் சுவரோ வையுங்கள். சிமெண்ட் தளத்திலும் முறை உண்டு. உலர்ந்த சாணத்தைச் சுரண்டி எடுப்பது, சோப்புப் போட்டுத் தேய்ப்பது, தண்ணீர் விட்டு அலசுவது, வடிய விடுவது, பிறகு பொடிக் கரைசல், பிறகு காய விடுவது. சோப்பு அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, இந்த வைரஸின் மேல் இருக்கிற கொழுப்புறையையும் கெடுக்கும். பொடியில் நுரைப்பொருள் இருக்கிறது என்பதால் சோப்பை விட்டுவிட வேண்டாம். தண்ணீர் தேங்கி நிற்கிற தரையில் கரைசலை ஊற்றினால் அளவு நீர்த்துப்போகும், அதனால்தான் வடிய விடுவது. நம் ஊர் வெயில் மிச்ச வேலையைச் செய்யும்.

2023 டிசம்பர் மழையில் எங்கள் பக்கமும் தண்ணீர் உள்ளே வந்தது. வடிந்த பிறகு சேறுதான் பெரிய வேலை. எங்கிருந்து எதைக் கொண்டு வந்து போட்டதென்று தெரியாத சேறு. மண்வெட்டியால் வாரி, நாலு பேர் சேர்ந்து தேய்த்துக் கழுவி முடித்து, அதற்கு அப்புறம்தான் டப்பாவைத் திறந்தோம். டப்பா உயரத்தில் பலகைமேல் இருந்ததால் தப்பித்தது. ஈரம் ஏறினால் பொடி கட்டிபிடித்துவிடும், அப்புறம் அதை நம்ப முடியாது. மூடியை இறுக்கி, நிழலில், தரையிலிருந்து மேலே வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஹோட்டல் கழிவை அப்படியே பன்றிக்குக் கொட்டினால் எல்லாம் போச்சு. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வைரஸ் வருகிற பெரிய வாசல் அதுதான். உப்புப் போட்டுக் காயவைத்த பன்றிக்கறியில் மாதக்கணக்கிலும், உறைய வைத்த கறியில் ஆண்டுக்கணக்கிலும் அது உயிரோடு இருக்கும். காவல்கிணறு ஜங்ஷனில் சாப்பிட நிற்கிற வண்டிகள் எங்கெங்கோ இருந்து வருகின்றன. ஹோட்டலில் பன்றிக்கறி சமைக்காவிட்டாலும், வண்டியில் வந்தவர்கள் பொட்டலத்தில் கொண்டு வந்து சாப்பிட்ட மிச்சம் அதே தொட்டியில் விழலாம். பொடியைக் கொண்டு கழிவைச் சுத்தம் செய்ய முடியாது. கொதிக்க வைப்பது ஒன்றுதான் வழி. 60 டிகிரியில் 20 நிமிடத்தில் இந்த வைரஸ் செத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் பெரிய அண்டாவில் நடுவில் கிடக்கிற கட்டிச்சோற்றுக்குள்ளும் எலும்புக்குள்ளும் அந்தச் சூடு ஏற நேரமாகும். அதனால் தளதளவென்று கொதி வந்த பிறகு அரை மணி நேரம், அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விறகுச் செலவு இருக்கத்தான் செய்கிறது. தென்னை மட்டையும் பாளையும் எங்கள் பக்கம் கிடைப்பதால் சமாளிக்கிறோம்.

கொதிக்க வைத்த பிறகு தப்பு நடக்கிற இடம் ஒன்று உண்டு. பச்சைக் கழிவு வந்த டிரம்மிலேயே வெந்த தீனியை ஊற்றிக் கொண்டு போவது. எங்களிடம் நீல டிரம் பச்சைக் கழிவுக்கு, வெள்ளை டிரம் வெந்ததற்கு. நீல டிரம் வேலிக்கு உள்ளே வரவே வராது. அதைக் கழுவுகிற இடமும் வெளியில்தான். ஹோட்டலுக்குத் திரும்பப் போகும் முன் அந்த டிரம்களுக்கு சோப்பு, அப்புறம் பொடிக் கரைசல். எங்கள் வீட்டில் இந்தப் பொடி அதிகம் செலவாகிறது என்றால், டிரம்முக்கும் வண்டிக்கும்தான்.

கிடா, அதாவது ஆண்பன்றி விஷயமும் அப்படித்தான். ஊரில் ஒருவர் கிடாவை நாலு வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. எந்தப் பொடியும் அதைச் சரிசெய்யாது. சொந்தக் கிடா வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பன்றி வாங்கினால் ஒரு மாதம் தனியாக, வேறு பூட்ஸ், வேறு வாளி வைத்துப் பாருங்கள். இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய மூன்று வாரம் வரைகூட ஆகலாம்.

விலைக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடரோடு ஒப்பிட்டால் கிலோவுக்குப் பல மடங்கு விலை. காஸ்டிக் சோடா இதைவிட மலிவு, இந்த வைரஸையும் கொல்லும், ஆனால் தோலைப் பொசுக்கிவிடும். பிள்ளைகள் நடமாடுகிற, பன்றி நிற்கிற இடத்தில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. பிளீச்சிங் பவுடரும் சரியாகக் கலந்தால் நன்றாகவே வேலை செய்யும். அழுக்கில் சீக்கிரம் செத்துவிடும், வெயிலில் நிற்காது, மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியம் இறங்கிவிடும், இவைதான் அதன் பிரச்சனை. அதனால் நான் செலவைப் பிரித்துக்கொள்கிறேன். காலிக் கொட்டகை, வடிகால், வெளித்தளம் இவற்றுக்குப் பிளீச்சிங். பூட்ஸ், தொட்டி, வண்டி, டிரம், ஊசிக்கருவிகள் வைக்கிற தட்டு, மேடை இவற்றுக்கு விர்கான். அப்படிப் பார்த்தால் எங்களைப் போன்ற சின்னப் பண்ணைக்கும் கட்டுப்படியாகிறது. இரண்டு மூன்று பன்றி மட்டும் வைத்திருக்கிற வீட்டுக்கு இது தேவையில்லை. அவர்களுக்கு சோப்பு, பிளீச்சிங், தனிச் செருப்பு, கொதிக்க வைத்த தீனி, வேலி இது போதும்.

வாங்கும்போது கவனம். என் சித்தப்பா மகன் ஒரு கடையில், பாலிதீன் கவரில் கட்டிய லூஸ் பொடியை "அதே சரக்குதான், விலை குறைவு" என்று வாங்கி வந்தான். தண்ணீரில் போட்டால் வெளிர் ரோஸ் வந்தது, மத்தியானத்துக்குள் வெளுத்துவிட்டது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. எந்தக் கடை என்று சொல்வது என் நோக்கமில்லை. சீல் உடையாத கம்பெனி டப்பா, அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, இவை இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு டப்பாவை வாங்கி நாலு வீடு கவரில் பிரித்துக்கொள்வதும் வேண்டாம், ஈரம் ஏறிவிடும். வேறு கம்பெனிகளும் இதே மூலப்பொருளில் பொடி போடுகின்றன. அவற்றை வாங்குவதாக இருந்தால் மூலப்பொருளின் பெயரையும் கலக்கும் அளவையும் டப்பாவில் பார்த்து, தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே போய்க் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது விலைக்காக மட்டும்.

இன்னும் ஒன்று. பன்றிகள் காய்ச்சலில் படுத்து, ஒன்றிரண்டு சாகத் தொடங்கிவிட்டால் பொடியைத் தேடி ஓடாதீர்கள். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவும் செய்யாதீர்கள். பயந்து விற்ற பன்றியால்தான் இந்த நோய் பக்கத்து ஊருக்குப் போகிறது. செத்ததை ஓடையிலோ குளத்திலோ வீசினால் காட்டுப்பன்றிக்கும் தெருப்பன்றிக்கும் நாமே கொடுத்ததாகும். கேட்டைப் பூட்டிவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போடுங்கள். மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளைக் கொன்று ஆழமாகப் புதைப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இழப்பீடு அப்படிக் கொல்லப்படுகிற பன்றிகளுக்குத்தான். சொல்லாமல் மறைத்து வைத்து, தானாகச் செத்த பன்றிக்குக் கிடையாது. வளர்த்த பிள்ளைகளைப் போல இருக்கிற தாய்ப்பன்றிகளை அப்படிப் பறிகொடுக்க யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் முதல் நாளே சொன்னவரின் வாயால்தான் மற்ற பண்ணைகள் பிழைக்கின்றன.

டப்பாவோடு ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடி அளவில் போட்டால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எங்கள் வீட்டில் 100 கிராம் பிடிக்கிற டப்பா மூடி ஒன்றை எடை பார்த்து அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன், "பத்து லிட்டர் வாளிக்கு ஒரு மூடி" என்று சுவரில் எழுதியிருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாளிலும் வேலைக்காரண்ணன் அதே அளவில்தான் கலக்குகிறார்.